மூன்று கட்சிகளும் ஒரு சமாதியும்

நாலு வித்வான்கள் கூடினால் தோடியையும் காம்போதியையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று ரசிகர்கள் நினைப்பது வழக்கம். எனக்கு வித்வான்கள் சிலரோடும் சபைக் காரியதரிசிகள் சிலரோடும் பழக்கம் உண்டு. உத்ஸவத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும். ராகமாவது, தாளமாவது! யாருக்கு எந்த நாள், மாலையா இரவா, யாருக்குப் பின்னால் யார், பிடில் யார், மிருதங்கம் யார் என்பதுதான் பேச்சு. அற்ப விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. திருவையாற்றில் இந்தப் பேச்சு ஏறக்குறைய முப்பது வருஷம் ஓயாமல் நடந்திருக்கிறது.

தியாகராஜ ஸ்வாமிகள் 1847-ஆம் ஆண்டு ஜனவரியில், புஷ்ய பகுள பஞ்சமியன்று சித்தியடைந்தார். காவேரிக் கரையில் சமாதி வைத்தார்கள். பிறகு சிஷ்யர்கள் ஊருக்கு ஒருவராகப் பிரிந்து போனார்கள். சமாதியைச் சுற்றி முள்ளும் புதரும் மண்டின. 1903-இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து இடத்தைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டார்கள். சில வருஷங்களில் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெரிதாக நடத்தத் தொடங்கினார்கள்.

பெரிதானதும் சண்டை வந்தது. அண்ணாவுக்குப் பெரிய கட்சி, தம்பிக்குச் சின்னக் கட்சி. பின்னாளில் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பிடில் பெரிய கட்சிப் பக்கம் நின்றது. சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரின் கதை சின்னக் கட்சிப் பக்கம் நின்றது. ஒரு கட்சி ஐந்து நாள் முன்னாலேயே ஆரம்பித்து ஆராதனைத் தினத்தில் முடிக்கும். மற்றது அன்று ஆரம்பித்து ஐந்து நாள் நடத்தும். ஒரே மகானுக்கு இரண்டு உத்ஸவம். இங்கே பாடுகிறவர் அங்கே பாடுவாரா என்று வித்வானின் வீட்டுத் திண்ணையில் தூது நடக்கும்.

இரண்டு கட்சிக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருந்தது. பெண்கள் சமாதியில் பாடக் கூடாது.

இந்த நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். மைசூர்ச் சீமையில் 1878-இல் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். சென்னையில் பெயரும் பொருளும் சம்பாதித்தவர். தெலுங்கில் முத்துப்பழனி என்ற தாசி எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' காவியத்தை 1910-இல் முழுமையாக அச்சிட்டு, சர்க்கார் தடையையே சந்தித்தவர். அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா, சமாதி பாழாய்க் கிடப்பதைப் பற்றி 1921-இல் எழுதினார். கட்சிகள் கச்சேரிகளைக் கவனித்தனவே தவிர, கட்டிடத்தைக் கவனிக்கவில்லை போலும்! அம்மாள் நிலத்துக்கு ஏற்பாடு செய்து, நகைகளை விற்று, சமாதியின் மேல் ஆலயம் எழுப்பினார். 1925-இல் கும்பாபிஷேகம் ஆயிற்று.

ஆலயம் கட்டியவர் அங்கே ஹரிகதை செய்ய அனுமதி கேட்டார். இல்லை என்றார்கள். காசு வாங்கிக்கொள்ளலாம், பாட்டுத்தான் கூடாது! வேறொருவராயிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறியிருப்பார். அம்மாள் தம்மைப் போன்ற தாசிகளைத் திரட்டி, ஆலயத்தின் பின்புறத்தில் தனியாக உத்ஸவம் நடத்தினார். இது பெண்கள் கட்சி. இதுவரை இரண்டு கட்சிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. இனி அம்மாளைக் கேட்காமல் பேச முடியாது. ஆலயம் அவருடையது அல்லவா?

1940-இல் ஐ.சி.எஸ். அதிகாரி எஸ். ஒய். கிருஷ்ணசாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலியோர் நடுவிலிருந்து மூன்று கட்சிகளையும் ஒரே சபையாக்கினார்கள். பெண்களும் பாடலாம் என்றாயிற்று. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கிருதிகளை எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கமும் அதையொட்டி வந்ததுதான். அனாதி காலத்து மரபு என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது, நம் தாத்தாக்கள் காலத்து ராஜி ஏற்பாடு! அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை நினைத்து நான் வியப்பதுண்டு. ஐந்நூறு பேர் சேர்ந்து பாடினால் முன்னால் யார், பின்னால் யார் என்ற கேள்வியே எழாது. சங்கீதம் கொஞ்சம் அடிபடத்தான் செய்கிறது. ஆரபி சரணத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தனியாக ஒருவர் நிதானமாகப் பாடினால் வராளி எவ்வளவு அழகு! ஆனாலும் முப்பது வருஷச் சண்டைக்கு இந்த விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாள் சபையை நம்பினார். ஆனால் வாய்ப்பேச்சை நம்பவில்லை. தம் சொத்தை ஆராதனைக்கு எழுதிவைத்த உயிலில், தேவதாசிகள் உட்படப் பெண்கள் எந்த வித்தியாசமும் இல்லாமல் அங்கே கைங்கரியம் செய்ய இடம் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1952-இல் காலமானார். அவருடைய சமாதியும் அங்கேதான், ஸ்வாமிகளின் சந்நிதியை நோக்கிச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஜனவரியில் பஞ்சரத்தினம் பாடுகிற வரிசைகளில் இப்போது பாதிக்குப் பாதி பெண்கள்.