சீனக் குடும்ப அடுப்பும் அன்றாட உணவும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சீன மரபில் ஒருவேளை உணவு ‘ஃபான்’, ‘ட்சாய்’ என்னும் இரு கூறுகளால் ஆனது. ஃபான் என்பது வேகவைத்த தானிய உணவு. அதனோடு சேர்த்து உண்ணும் காய்கறி, மீன், இறைச்சி முதலிய தொடுகறிகள் ட்சாய் எனப்படும். உணவு உண்பதைக் குறிக்கும் வழக்குத் தொடரே ‘ஃபான் உண்ணல்’ என்பதாகும். தொடுகறி குறைந்தாலும் உணவு உணவே. ஃபான் இல்லையேல் வயிறு நிறைந்ததாகக் கருதுவதில்லை. இந்த ஃபானைச் சமைத்த குடும்ப அடுப்பின் வரலாற்றுப் பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாறிய தானியங்கள்

ஃபானுக்குரிய தானியம் காலந்தோறும் மாறியுள்ளது. மஞ்சளாற்றுப் பகுதியில் தினையும், தெற்கே நெல்லும் தொன்மையானவை. செஜியாங் மாநிலத்தின் ஹெமுடுவில் ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையுடைய நெல் எச்சங்கள் கிடைத்துள்ளன. மேற்கிலிருந்து வந்த கோதுமை, திரிகை பரவியபின் மாவுப் பண்டங்களாக வடக்கில் நிலைபெற்றது. 1012இல் வறட்சி நேர்ந்தபோது, சொங் பேரரசர் சென்சொங் விரைவில் விளையும் சம்பா நாட்டு நெல்விதையை ஃபூஜியானிலிருந்து வருவித்து உழவர்க்கு வழங்கினார். சம்பா என்பது இன்றைய நடு வியட்நாம் பகுதி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் லூசோன் தீவிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்தது. ஏழை வீடுகளில் அதைச் சீவி உலர்த்தி அரிசியோடு கலந்து சமைத்தனர். தானியம் குறைந்தபோது கஞ்சியை நீர்க்க வைப்பதும், கிழங்கையும் கீரையையும் கலப்பதும் அடுப்படியிலேயே முடிவாயின.

அடுப்பும் குடும்பமும்

ஓர் அடுப்பில் சமைத்து உண்போரே ஒரு குடும்பம். உடன்பிறந்தோர் பாகம் பிரியும்போது அடுப்பும் பிரிந்தது. அடுப்புத் தெய்வமான சாவ்ஜூன் ஆண்டிறுதியில் விண்ணுலகு சென்று அவ்வீட்டாரின் நடத்தையை அறிவிப்பார் என்பது நம்பிக்கை.

பொது உணவுக்கூடங்கள்

1958இல் மக்கள் கம்யூன்கள் அமைக்கப்பட்டபோது ஊர்தோறும் பொது உணவுக்கூடங்கள் தோன்றின. பல ஊர்களில் வீட்டு அடுப்புகள் இடிக்கப்பட்டன. இரும்புச் சட்டிகள் உருக்குலைக்குச் சென்றன. தொடக்கத்தில் வயிறார உண்ண அனுமதிக்கப்பட்டதால் தானிய இருப்பு விரைவில் கரைந்தது. மிகைப்படுத்திய விளைச்சல் கணக்குகளும், அவற்றின் அடிப்படையில் நடந்த கடும் கொள்முதலும் பஞ்சத்தின் முதன்மைக் காரணங்கள். ஆயினும் பற்றாக்குறையை ஈடுகட்டும் வழி வீட்டாரிடம் இல்லாமற் போனது. அகப்பை பிடித்தவர் கையிலேயே உயிர் இருந்தது. 1959–61 பஞ்சத்தில் இறந்தோர் தொகையை ஆய்வாளர்கள் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை பலவாறு கணிக்கின்றனர். 1961 ஜூனில் திருத்தப்பட்ட கம்யூன் விதிகள் உணவுக்கூடத்தை உறுப்பினரின் விருப்பத்திற்கு விட்டன. கூடங்கள் கலைந்தன, வீடுகளில் மீண்டும் அடுப்பெரிந்தது.

முடிவுரை

தினை, நெல், கோதுமை, கிழங்கு எனத் தானியம் மாறியபோதெல்லாம் சீன உணவு முறை குலையவில்லை. மாற்றத்தை அடுப்படி ஏற்றுச் செரித்தது. அந்த அடுப்பே பறிபோனபோது பஞ்சத்தைத் தாங்கும் இறுதி அரணும் உடன் சென்றது. எனவே உணவு வரலாறு, உண்ணப்பட்ட பொருளோடு அதை அளந்து பங்கிட்ட கை யாருடையது என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.