மலையகப் பெண்ணும் கருத்தடை மாத்திரையும்: ஒரு வரலாற்று நோக்கு

கொட்டகலையிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் பெண்களின் வரலாறு பெரும்பாலும் கொழுந்துக் கூடையோடும் சம்பளக் கணக்கோடும் முடிந்துவிடுகின்றது. அவர்தம் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும்.

இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தோற்றம் பெற்றது. 1958இல் சுவீடன் நாட்டுடன் செய்யப்பட்ட உடன்படிக்கையின் பயனாக முன்னோடித் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட களங்கள் இரண்டு: ஒன்று பண்டாரகமைக் கிராமப் பகுதி, மற்றையது நுவரெலியா மாவட்டத்து டயகம தோட்டம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயிருந்த காலம் அது. வாக்குரிமை பெறாத மக்களின் இல்லங்களுக்குக் குடும்பத் திட்டம் முந்திச் சென்றமை ஈண்டு நோக்கற்பாலது. 1965இல் அரசு இப்பணியைத் தன் சுகாதார சேவையுடன் இணைத்துக்கொண்டது.

இதற்கிடையில் 1960இல் ‘எனோவிட்’ என்னும் மாத்திரை கருத்தடைக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் புரோஜெஸ்தோஜனும் 150 மைக்ரோகிராம் ஈஸ்திரோஜனும் அடங்கியிருந்தன. இவ்வளவு மிகுந்த ஓமோன் உடலிற் புகுந்தால் விளைவது யாது என்னும் வினா விரைவில் எழுந்தது. 1966இல் இலண்டன் ஆய்வாளரான வின், டோர் ஆகியோர், மாத்திரை உட்கொண்ட பெண்கள் சிலரிடம் குளுக்கோசைத் தாங்கும் ஆற்றல் குறைந்திருந்ததை ‘லான்செற்’ இதழில் வெளியிட்டனர். இன்சுலினுக்கு உடற்கலங்கள் முன்போல் இணங்காமையால், அதே அளவு சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கணையம் மிகுதியான இன்சுலினைச் சுரக்க வேண்டியதாயிற்று.

இக்கண்டுபிடிப்பு வீண்போகவில்லை. குருதி உறைதல் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்ள, மாத்திரையின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. இன்று வழங்கும் மாத்திரைகள் பலவற்றில் ஈஸ்திரோஜன் 20 முதல் 35 மைக்ரோகிராம் வரையே உள்ளது. நீரிழிவற்ற பெண்ணின் குருதிச் சர்க்கரையை இவை பெரிதும் மாற்றுவதில்லை. நீரிழிவு உடையவரும் வைத்தியரின் கண்காணிப்பில் இவற்றைப் பெரும்பாலும் பயன்படுத்தலாம். ஆயின் நீரிழிவு 20 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தவரும், அதனாற் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியன பழுதுற்றவரும் ஈஸ்திரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்த்தல் வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ நெறியாகும்.

இந்நெறி தோட்டத்துப் பெண்ணுக்குப் பயன்பட வேண்டுமாயின், அவள் தன் குருதிச் சர்க்கரையின் அளவை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அரை நாட் சம்பளத்தை இழந்து வைத்தியசாலை செல்லத் தயங்குபவளுக்கு அவ்வறிவு எளிதிற் கிட்டுவதன்று. தோட்டங்களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சையே நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. தெரிவு செய்யும் உரிமை ஏட்டளவில் இருந்தாலும், அதற்கு வேண்டிய விளக்கம் அவளது மொழியில் அவளை எட்டாதவரை அது முழுமையான உரிமையாகாது.

மாத்திரையின் அளவு குறைந்தது அறிவியலின் வெற்றி எனலாம். அதனை விழுங்குபவள் அதன் நன்மையையும் தீமையையும் தமிழிற் கேட்டறிந்து தானே முடிவு செய்யும் நாளே மலையகத்தின் வெற்றியாகும்.