நெய்தற் படப்பை

மனையை அடுத்த காய்கறித் தோட்டத்தை மருதநில வாழ்வின் கூறாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கடற்கரைக்கு மீனும் உப்பும், உள்நாட்டிற்கு நெல்லும் காயும் என்னும் இப்பகுப்பு முற்றும் பொருந்துவதன்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வட சென்னைக் கரையில் மனைத்தோட்டம் உழவர் ஊரின் எச்சம் அன்று. துறைமுக வாழ்வோடு உடன்பிறந்தது என்பதே ஈண்டுக் காட்ட விழைவது.

சங்க நூல்கள் இத்தோட்டத்தைப் படப்பை என்னும். பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டு நீர்ப்பெயற்றின் கலங்கரை விளக்கத்தைக் கூறியதும், துறையைக் கடந்து செல்வார்க்குத் தென்னோலை வேய்ந்த மனைகளையும் மஞ்சள் விளைந்த முற்றங்களையும் படப்பைகளையும் காட்டுகிறது. அங்கே பாணர் பெறுவன பலாவும் வாழையும் இளநீரும் கிழங்கும் ஆம். நீர்ப்பெயற்றை மாமல்லபுரம் எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும் அது தொண்டைக் கடற்கரையே. இந்நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார். அதனுள்ளும் காவிரிப்பூம்பட்டினத்தைச் சூழத் தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், சேம்பு, இஞ்சி ஆகியன கூறப்படுகின்றன. துறைமுகத்தைப் பாடப் புகுந்த புலவர் இருமுறையும் தோட்டத்தை விடாது கூறியதைத் தற்செயல் எனத் தள்ளுதல் இயலாது.

திருவொற்றியூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனங்கள் இடம்பெறுகின்றன. சங்கிலியார் இறைவர்க்கு மாலை தொடுத்தமையைப் பெரிய புராணம் உரைக்கும். ஆயின் தானமாக அளிக்கப்பட்டதே கல்லில் ஏறும். வீட்டுக்கொல்லையின் அவரைக்கொடி எவர்க்கும் தானமன்று. ஆதலின் அதன் வரலாற்றைச் சொல்லிலும் அடுப்பங்கரையிலுமே தேடவேண்டும்.

இக்கரையின் மணற்படுகை மழைநீரை உறிஞ்சி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கவிடும் இயல்புடையது. ஆழமில்லாக் கிணறும் தோண்டியும் போதும். ஆழத் தோண்டினால் உப்பு மேலேறும். மணலில் உரம் நில்லாது என்னும் குறையை மீன் கழுவிய நீரும் சாணமும் சாம்பலும் ஓரளவு ஈடுசெய்தன. முருங்கையும் கறிவேப்பிலையும் மீன் கழுவும் இடத்தருகே தழைப்பதை இன்றும் காணலாம். கடலே தோட்டத்திற்கு எருவிட்டது என்பது மிகையன்று.

பருவ ஒழுங்கும் இவ்வாறே கடலோடு பிணைந்தது. ஆடிப்பட்டத்தில் அவரை, புடல், பீர்க்கு, சுரை ஊன்றப்படும். ஐப்பசி, கார்த்திகை வடகீழ்ப் பருவமழையில் கீரைப்பாத்தி நீரில் மூழ்கும், கடலும் கொந்தளிக்கும், புயல் நாள்களில் படகு இறங்குவதில்லை. அப்பொழுது நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பே துணை. பந்தலில் தொங்கும் சுரையும் பீர்க்கும் இறால் கிடைக்கும் நாளில் அதனோடு கூடும். பீர்க்கின் தோலும் துவையலாகும், வீணாவது ஏதுமில்லை. தையில் அவரையும் மொச்சையும் பரங்கியும் பொங்கற் குழம்பிற் கலக்கும். சித்திரை, வைகாசியில் முருங்கையும் மாங்காயும் மிகும். இழுவைப் படகுகளுக்கு 2001 முதல் ஏப்பிரல் 15 தொடங்கி விதிக்கப்படும் மீன்பிடித் தடை (2017 முதல் 61 நாள்) இப்பருவத்திலேயே வருகின்றது. மீன் அருகிய அந்நாள்களில் முருங்கைக்கீரையும் கருவாடும் ஒரே சட்டியில் வேகும். நெய்தல் உணவில் காய் என்பது மீனுக்கு மாற்றன்று, அதன் இணை.

பரங்கி என்னும் பெயரையும் ஈண்டு நோக்குக. அமெரிக்கக் கண்டத்துக் காயான இது, போர்த்துகீசியர் முதலாய ஐரோப்பியரைக் குறித்த சொல்லையே பெயராகக் கொண்டது. மிளகாயும் அவர்கள் வழியே வந்தது. மிளகை ஒட்டிப் பெயர் பெற்றதால் வேற்றுமை மறைந்தது. கப்பலில் வந்த காய் கொல்லையில் ஊன்றிப் பொங்கற் படையலிலும் ஏறிவிட்டதெனின், இத்தோட்டம் பழமையைப் பூட்டிவைத்த பேழை அன்று என்பது புலனாகும்.

இராயபுரத்தில் 1856-இல் இரயில் நிலையம் எழுந்தது. பின்னர்ச் சரக்குக் கிடங்குகளும் ஆலைகளும் பெருகின. மனைகள் நெருங்கியதைக்காட்டிலும் பெரிய கேடு நிலத்தடியில் நேர்ந்தது. அளவிறந்து நீர் இறைத்தமையால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்ததை 1960-களின் இறுதியிலேயே ஆய்வாளர் கண்டனர். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. திசம்பர் 2023-இல் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரந்தது. மணல் சிறிதளவேனும் உரம் ஏற்கும். எண்ணெயையும் உவரையும் ஏற்று அவரையை வளர்ப்பது அதற்கு இயலாது.

இன்று சென்னையில் படப்பை என்றால் தாம்பரத்திற்கு அப்பாலுள்ள ஊர்ப்பெயர் ஒன்றே மக்கள் நினைவிற்கு வரும். தோட்டமோ மாடியேறிவிட்டது. தோட்டக்கலைத் துறை 2013 அளவில் மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் வழங்கத் தொடங்கிற்று. அப்பைகளில் மண்ணுக்கு மாற்றாக இடப்படுவது தென்னை நார்க்கழிவு. பாணன் கண்ட மனைகளில் தென்னை கூரையாக இருந்தது. இராயபுரத்து மாடியில் அதுவே நிலமாகியிருக்கின்றது.