வீடே இல்லாத இடத்தில் வீசிய காற்று

ஒரு டொர்னாடோவோட வேகத்தை எப்படி அளக்கிறாங்க? ஏதோ கருவி வெச்சு அளப்பாங்கன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. காற்று அடங்கின பிறகு ஆட்கள் நேரில் போய், எது எப்படி உடைஞ்சிருக்குன்னு பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுறாங்க. கூரை மட்டும் போயிருந்தா ஒரு எண். சுவரும் போயிருந்தா அதைவிடப் பெரிய எண்.

அப்போ, உடையறதுக்கு வீடே இல்லாத இடத்தில்?

1987 ஜூலை 21. அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். டீட்டன் வனப்பகுதியில் தொடங்கி யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஒரு டொர்னாடோ போனது. ஊர் இல்லை, ரோடு இல்லை, யாரும் சாகவும் இல்லை. சுமார் 39 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2.5 கிலோமீட்டர் அகலத்துக்கு மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஏறத்தாழ 10 லட்சம் மரங்கள். அதுவும் சமவெளியில் இல்லை, 3,000 மீட்டர் உயர மலைமுகட்டைத் தாண்டிப் போயிருக்கிறது.

இதை ஆராய வந்தவர் டெட் ஃபுஜிட்டா, சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். மேலே சொன்ன 'உடைஞ்சதைப் பார்த்து வேகம் சொல்ற' அளவுகோலை 1971-ல் கொண்டுவந்தவரே அவர்தான். எஃப்-ஸ்கேல்ல இருக்கிற 'எஃப்' அவர் பேர்தான்.

ஆனா அவர் கதை ஜப்பானில் ஆரம்பிக்குது. படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். (நம்ம ஊர்ல பாதிப் பேர் மாதிரி, படிச்சது ஒண்ணு, பேர் வாங்கினது வேறொண்ணுல.) 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு முதலில் விழ வேண்டியிருந்த ஊர் கொக்குரா. அவர் வேலை பார்த்த கல்லூரி அதற்குப் பக்கத்தில்தான். கீழே இலக்கு சரியாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. சில வாரங்களில் அந்த நாகசாகிக்கே அவர் சேதத்தை ஆராயப் போனார். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் கருகி நின்றுகொண்டிருந்தன; தள்ளியிருந்தவை வெளிப்பக்கமாகச் சாய்ந்து நட்சத்திரம் மாதிரி விரிந்து கிடந்தன. மேலிருந்து வந்த அழுத்தம் தரையில் மோதி நாலாபக்கமும் சிதறிய தடம் அது.

1974 ஏப்ரலில் பெரிய டொர்னாடோ வரிசை ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு, விமானத்திலிருந்து மேற்கு வர்ஜீனியா காட்டைப் பார்த்தார். அதே நட்சத்திரம். சுழலும் காற்று மரங்களைச் சுழற்சியாகத்தான் சாய்க்கணும். இது மேகத்திலிருந்து நேராக் கீழே விழுந்து தெறிச்ச காற்று. அதற்கு அவர் வைத்த பெயர் மைக்ரோபர்ஸ்ட். விமான விபத்துகள் சிலவற்றுக்குக் காரணம் இதுதான் என்று அவர் சொன்னபோது, துறையிலேயே பலர் நம்பவில்லை.

டீட்டனில் இந்த அனுபவம் முழுசாக உதவியது. வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து, மரங்கள் சாய்ந்த திசையைக் கவனமாகப் படித்தார். டொர்னாடோவின் தடத்தைத் தனியாகவும், மைக்ரோபர்ஸ்ட் அடித்த 72 இடங்களைத் தனியாகவும் பிரித்தார். 1989-ல் கட்டுரை வந்தது: எஃப்4. ஒரு வீடுகூட இடியாமல் அந்த எண்.

எனக்கு இதில் உறுத்துவது, அங்கே மரம் இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தரும் வந்தார் என்பதுதான். சர்வர்ல லாக் எழுதலைன்னா க்ராஷ் நடக்கலைன்னு அர்த்தமில்ல. ஆனா ரிப்போர்ட்ல வராது.

2007-ல் அளவுகோலைத் திருத்தினார்கள். சேதத்தை மதிப்பிட 28 வகைப் பொருட்கள். அதில் மரத்துக்கு இரண்டே இடம். 2013 மே 31, ஓக்லஹோமாவின் எல் ரீனோ. டொர்னாடோவின் அகலம் 4 கிலோமீட்டருக்கு மேல். 8 பேர் இறந்தார்கள். நடமாடும் ரேடார் பதிவு செய்த வேகம் மணிக்கு 460 கிலோமீட்டருக்கும் அதிகம். மிக உயர்ந்த தரமான இஎஃப்5-க்கு இதுவே போதும். ஆனால் அது போன பாதையில் பெரும்பாலும் வயல்வெளி. அதிகாரபூர்வப் பதிவேட்டில் இன்றும் அது இஎஃப்3.