அளவுகோல் யார் கையில்?

“திறமை, திறமை” என்று முழங்குவோர் இந்நாட்டில் எக்காலத்தும் உண்டு. திறமைக்கு நாம் பகைவரல்லர். ஆனால், அதனை அளந்த கோல் எது, அக்கோலைப் பிடித்திருந்த கை யாருடையது என்று கேட்பது நம் கடமை. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காவிரி பாயும் தஞ்சைத் தரணியின் சிற்றூர்ச் சாவடியே போதும்.

சாவடியில் கர்ணம் அமர்ந்திருப்பார். எந்தப் புலத்தில் குறுவை, எதில் சம்பா என்று அடங்கல் எழுதுவது அவர் வேலை. எதிரே கைகட்டி நிற்பார் தலையாரி. இன்னும் எட்ட நிற்பார் வெட்டியான். எல்லைக்கல் எங்கே புதைந்துள்ளது, எந்த மதகை அடைத்தால் எந்த வயல் காயும் என்பதை நடந்து நடந்து அறிந்தவர்கள் அவர்கள். எழுதியது அறிவு எனப்பட்டது. அறிந்து சொன்னதோ வெறும் ஊழியம் எனப்பட்டது!

எழுதும் உரிமை எவ்வாறு வந்தது? தேர்வினாலா? அன்று, பிறப்பினால். 1895-ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் அப்பதவியைத் தந்தையிடமிருந்து மகனுக்குத் தந்தது. வாரிசு சிறுவனாயினும் கவலையில்லை. அவன் பெயரைப் பதிந்துகொண்டு, வளரும்வரை வேறொருவரை வேலை பார்க்க வைக்கலாம். தொட்டிலில் கிடந்த குழந்தையிடம் எந்தத் திறமையைக் கண்டார்கள்?

பெரிய அலுவலகங்களின் கதையும் இதுதான். செல்வாக்குள்ள சில குடும்பங்களே பதவிகளைக் கைப்பற்ற விடலாகாது என்று 1854-இலேயே வருவாய் வாரியம் கலெக்டர்களுக்கு ஆணையிட்டது. ஆணை ஏட்டில் உறங்கியது. சென்னை மாகாணத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவராயிருந்த பார்ப்பனர், 1912-இல் 140 துணைக் கலெக்டர்களுள் 77 பேர். 1913-இல் 128 மாவட்ட முன்சீப்புகளுள் 93 பேர். 1916-இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை இக்கணக்கை நாட்டின்முன் வைத்தது. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி, உறங்கிய ஆணையைத் தட்டியெழுப்பி எல்லாத் துறைகளுக்கும் விரித்தது.

வாயில் திறந்தால் போதுமா? நடந்துவரக் கால்களுக்கு வலிமை வேண்டாமா? தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் ஒரத்தநாடு, இராசாமடம் சத்திர விடுதிகளில் பார்ப்பனரல்லாத மாணவர்க்கும் இடமளித்தார். திறமை வானத்திலிருந்து விழுவதன்று. சோறும் ஏடும் கொடுத்தால் விளைவது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிறப்புவழிப் பதவி அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம், கிராம முன்சீப் பதவிகளையே ஒழித்தது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் அமர்ந்தார். நாம் மகிழ்ந்தோம், மகிழ்வது முறையே.

ஆயினும் சாவடியின் நிழல் முற்றும் மறைந்துவிட்டதா? இருபதாண்டு உழைத்தவர் புதிதாய் வந்தவர்க்கு வேலை கற்பிக்கிறார். கற்றவர் உயர்கிறார், கற்பித்தவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஏன் என்று கேட்டால், மறைவாய் எழுதிய குறிப்பொன்று குறுக்கே நிற்கும். அக்குறிப்பை உரியவரிடம் காட்டியே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது.

நாம் வேண்டுவது சலுகையன்று. கோலை வெளிச்சத்தில் வையுங்கள். எல்லைக்கல் அறிந்த அறிவையும் அதனால் அளவுங்கள். கழித்தீராயின், காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதற்கு அஞ்சுகிறவர் திறமையின் காவலர் அல்லர். பழைய சாவடியின் வாரிசுகளே!