ஒரு செட்டிங்கை நீக்க பத்து வருடம்!

பழைய மாமல்லபுரம் சாலைக்கு 2008-ல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் சிறுசேரிக்கு வழி கேட்டால் இன்றும் ஓஎம்ஆர் என்றுதான் சொல்வார்கள். பழகிப்போனதை ஒரே நாளில் மாற்ற முடியாது. புரோகிராமிங் மொழிகளிலும் இதே கதைதான்.

1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட மொழி பிஹெச்பி. அதில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்று ஒரு செட்டிங் இருந்தது. படிவத்திலோ இணைய முகவரியிலோ வரும் மதிப்புகள் தாமாகவே புரோகிராமின் மாறிகள் ஆகிவிடும். எழுதுபவருக்கு சுலபம், திருடனுக்கும் சுலபம்! 'அட்மின்' என்ற மாறிக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்க மறந்தால் போதும். முகவரியின் கடைசியில் 'அட்மின்=1' என்று தட்டி யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம்.

உடனே நீக்கியிருக்கலாமே? நீக்கினால் அதை நம்பி எழுதிய தளங்கள் எல்லாம் படுத்துவிடும். அதனால் படிப்படியாகப் போனார்கள்.

2001 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பு முதலில் மாற்று வழி கொடுத்தது. வெளியிலிருந்து வரும் மதிப்புகளுக்கு கெட், போஸ்ட் என்று தனித்தனிப் பட்டியல்கள். 2002 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பில் செட்டிங் ஆஃப் ஆனது. வேண்டியவர்கள் ஆன் செய்துகொள்ளலாம். பழைய புரோகிராம்களுக்காகப் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஆன் செய்தே வைத்திருந்தன, ஓட்டையும் தொடர்ந்தது. 2009-ல் 5.3 பதிப்பு எச்சரிக்கை காட்டியது. 2012 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பில் அடியோடு நீக்கினார்கள்.

பத்து வருடம் அதிகம்தான். ஆனால் அவகாசம் தராமல் நீக்கியிருந்தால் பலர் பழைய பதிப்பிலேயே தங்கியிருப்பார்கள். அதிலுள்ள மற்ற ஓட்டைகளும் அடைபடாமலே கிடந்திருக்கும்.