பி. யு. சின்னப்பாவும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும்

பி. யு. சின்னப்பா (1916–1951) பாடத் தெரிந்தவர்களே கதாநாயகர்களாக இருந்த காலத்தின் தமிழ்த் திரை நட்சத்திரம். பிற்காலத்தில் மேலைநாட்டு ராக் பாடகர்களைச் சூழ்ந்த ரசிகர் வெறியை, நாற்பதுகளின் தமிழ்நாடு இவர் மீதும் எம். கே. தியாகராஜ பாகவதர் மீதும் காட்டியது. புதுக்கோட்டைக்காரரான இவரை அந்த உயரத்தில் ஏற்றிய ஊர் சேலம்.

சிறுவயதிலேயே நாடகத்துக்கு வந்த சின்னப்பா, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடி நடித்துப் பேர் வாங்கினார். எம். ஜி. ராமச்சந்திரனும் அதே கம்பெனியில் இருந்தவர். பாய்ஸ் கம்பெனிகளில் ஒரு கொடுமை உண்டு: மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்துவிட்டால், நேற்றைய ராஜபார்ட்டுக்கு இன்று வேலை இல்லை. குரல் உடைந்தபின் சின்னப்பா சங்கீதத்தையும் சிலம்பத்தையும் பயின்றார். 1936இல் 'சந்திரகாந்தா' படத்தில் நடித்தார். அடுத்து வந்த சில படங்கள் கைகொடுக்காததால் மனமுடைந்து, மௌன விரதமும் உண்ணா நோன்பும் மேற்கொண்டார்.

அந்நிலையில் அழைத்தவர் டி. ஆர். சுந்தரம். 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸை ஏற்காடு சாலையில் ஒரு தொழிற்சாலைபோல நடத்தியவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். 1940இல் அவர் இயக்கிய 'உத்தம புத்திரன்' சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் தந்தது. தமிழில் அதுவே முதல் இரட்டை வேடப் படம். இரட்டையருள் ஒருவன் அரண்மனையில் மதுவிலும் கேளிக்கையிலும் அழிபவன். மற்றவன் வெளியே எளிமையாக வளர்ந்தவன். சின்னப்பாவின் பின்வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு, அந்த அரண்மனை வேடத்தை இன்று பார்ப்பது சற்றுச் சங்கடமான அனுபவம்.

1942இல் 'கண்ணகி'யும் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மனோன்மணி'யும் வெளிவந்தன. சின்னப்பா ரசிகர்களும் பாகவதர் ரசிகர்களும் கட்சி கட்டிச் சண்டையிட்டனர். பணம் குவிந்தது. புதுக்கோட்டையில் அவர் வீடு வீடாக வாங்கியதைப் பார்த்து, இனி வாங்கக் கூடாதென்று சமஸ்தானம் தடை போட்டதாகச் சொல்வதுண்டு. கூடவே குடியும் வளர்ந்தது; அது உடலை அரித்தது என்றே திரை வரலாற்றாளர்கள் எழுதுகின்றனர்.

தனிமனிதக் கெடுதலோடு கதையை முடித்துவிட முடியாது. அவர் புகழுக்கு முதலீடு தொண்டை. நாற்பதுகளின் இறுதியில் பின்னணிப் பாடல் முறை வேரூன்றியது. பாடத் தெரியாதவரும் நாயகராகலாம் என்றாயிற்று. சேலத்திலேயே அது கண்கூடாகத் தெரிந்தது. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யின் நாயகன், பழைய பாய்ஸ் கம்பெனித் தோழர் எம். ஜி. ஆர். வசனம் மு. கருணாநிதி. பாட்டுக்குப் பின்னணிப் பாடகர்கள் இருந்தனர். கொட்டகையில் கைதட்டல் வசனத்துக்கு விழுந்தது.

1951 செப்டம்பர் 23 அன்று சின்னப்பா புதுக்கோட்டையில் திடீரென இறந்தார். வயது 35. அவர் நடித்து முடித்திருந்த 'சுதர்சன்' அதன் பிறகே திரைக்கு வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் அதன் முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் எஞ்சியிருக்கிறது.